நாச்சியார் திருமொழியில் சமூக வார்ப்பும் தன்னேற்பும்: ஊட்டம் மறுக்கப்பட்ட கிளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெண் எவ்வாறு பேச வேண்டும், எதை விரும்ப வேண்டும், எதற்கு நாண வேண்டும் என்பனவற்றைச் சமூகம் முன்னதாகவே வகுத்துவைக்கிறது. இவ்வகுப்பைச் ‘சமூக வார்ப்பு’ என்று இக்கட்டுரை குறிக்கிறது. திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இவ்வார்ப்பை எவ்வாறு வினவுகிறது, அவ்வினா வழியே தன் உணர்வைத் தானே ஏற்கும் நிலையை எவ்வாறு அடைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் திருமொழியில் வரும் எருது, பன்னிரண்டாம் திருமொழியில் வரும் கிளி ஆகிய இரு உருவகங்களும் முத்திரைப் பாசுரங்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆண்டாளின் குரலைப் பின்வந்த மரபு எவ்வாறு உள்வாங்கியது என்பதும், இன்றைய பெண்ணிய வாசிப்பு அக்குரலுக்கு அளவுக்கு மீறிய விடுதலையை ஏற்றிச் சொல்கிறதா என்பதும் உடன் விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆண்டாள், நாச்சியார் திருமொழி, சமூக வார்ப்பு, தன்னேற்பு, நாணம், அலர், ஆமுக்தமால்யதா.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் அண்டை ஊர்களான திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் ஆண்டாள் ஆய்வில் தனித்தனி இடம் உண்டு. திருவில்லிபுத்தூர் அவர் பிறந்த ஊர். இராசபாளையம் அவரைப் பற்றிய தெலுங்குக் காப்பியம் தமிழாவதற்குக் காரணமான அறிஞரின் ஊர். அண்மைக்காலத்தில் அவரைப் பற்றி எழுந்த பெரும் சர்ச்சை தொடங்கிய ஊரும் அதுவே. வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமும் ஆடிப்பூரத் தேரும் ஆண்டாளை இம்மக்களின் அன்றாட வாழ்வில் நிலைநிறுத்தியுள்ளன. எனினும் அவருடைய பாசுரங்கள் அனைத்தும் சமமாகப் பயிலப்படுகின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே கூற வேண்டும். திருப்பாவையின் 30 பாசுரங்களும் மார்கழிதோறும் தெருக்களிலும் பள்ளிகளிலும் ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுள் பொதுவெளியில் பரவலாக அறியப்பட்டது கனவுத் திருமணத்தைச் சொல்லும் ஆறாம் திருமொழி மட்டுமே எனலாம். எஞ்சியவை உரைமரபிலும் கோயில் சேவையிலும் ஆய்வேடுகளிலும் அடங்கிவிடுகின்றன.

இத்தேர்வு தற்செயலானது அன்று. ஒரு சமூகம் தன் பெண்களுக்கு எதைக் கற்பிக்க விரும்புகிறது என்பதை அது பாடத் தெரிவுசெய்யும் பாடல்கள் காட்டும். பாடாமல் விட்ட பாடல்களும் அதையே காட்டும். ஆதலின், விடப்பட்ட பாசுரங்களில் உள்ளது என்ன என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. சமூக வார்ப்பை ஆண்டாள் முற்றாக உடைத்தெறிந்தார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் அன்று. வார்ப்பின் சொற்களையும் சடங்குகளையும் கொண்டே தம் விருப்பத்துக்கு ஓர் இடம் அமைத்தார் என்பதும், அவ்விடத்தில் அவர் முதலில் ஏற்றது தம் உடலை அன்று, தம் உணர்வையே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருதுகோள்கள்.

1. வார்ப்பின் இலக்கணம்

சமூக வார்ப்பு என்பது நவீன உளவியலின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. தமிழ் இலக்கண மரபிலேயே அதன் விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. அச்சம், நாணம், மடம் ஆகிய மூன்றும் என்றும் பெண்ணுக்கு உரியவை எனத் தொல்காப்பியக் களவியல் வரையறுக்கிறது. தலைவி தனக்கு உண்டான வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துக் கூறுதல் இல்லை என்றும் அந்நூல் விதிக்கிறது. எத்திணையிலும் பெண் மடலேறுதல் நெறியன்று என்பது மற்றொரு விதி. மடலேறாப் பெண்ணின் பெருமையைத் திருக்குறளும் பேசுகிறது. நாணம் உயிரினும் சிறந்தது, கற்பு நாணத்தினும் சிறந்தது என்னும் வரிசையும் தொல்காப்பியத்தில் இடம்பெறுகிறது. இவ்வரிசையில் பெண்ணின் விருப்பத்துக்கு இடமே இல்லை என்பது கருதத்தக்கது.

இவ்விதிகளைப் புலனெறி வழக்குக்கு உரியவையாக மட்டும் கொள்ள வேண்டும், அன்றைய பெண்களின் வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ளலாகாது என ஒரு மறுப்பு எழலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் இலக்கியத்தில் ஒரு பெண் எதைப் பேசலாம் என்னும் விதி, எதைப் பேசினால் அவள் பெண்ணாக மதிக்கப்படுவாள் என்னும் சமூக எதிர்பார்ப்பிலிருந்து பிறப்பதே. பெண் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறாள் என்னும் கருத்தைச் சிமோன் த பொவார் 1949-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவினார். அவ்வாக்கத்தின் பட்டியலைத் தமிழ் இலக்கணம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சூத்திரமாக வைத்திருந்தது என்பது நாம் பெருமை கொள்வதற்கோ நாணுவதற்கோ உரியதன்று, ஆராய்வதற்கு உரியது.

பக்தி இலக்கியத்தில் இவ்விதிகள் நெகிழ்ந்தன. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பெண் நிலையில் நின்று பாடினர். பெண் மடலேறாள் என்னும் விதியைத் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமடல் வெளிப்படையாகவே மறுக்கிறது. ஆனால் அம்மறுப்பைச் செய்தவர் ஆண். பெண் வேடத்தில் விதியை மீறும் ஆண் கவிஞருக்கு அலர் இல்லை. பாடல் முடிந்ததும் அவர் தம் நிலைக்குத் திரும்பலாம். ஆழ்வார் பன்னிருவருள் ஒரே பெண்ணாகிய ஆண்டாளுக்கு அவ்வாறு திரும்பிச் செல்ல வேறொரு நிலை இல்லை. அவர் பாசுரங்களை வாசிக்கையில் முதலில் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

2. கதையும் பாசுரமும்

ஆண்டாளைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி குருபரம்பரை நூல்களின் வழி வந்தது. துளசித் தோட்டத்தில் விட்டுசித்தர் கண்டெடுத்த குழந்தை இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடி அழகு பார்க்கிறது. தந்தை அதனைக் குற்றமாகக் கருதி வருந்துகிறார். இறைவன் கனவில் தோன்றிச் சூடிய மாலையே தமக்கு உவப்பு என்கிறான். பின்னர் அரங்கனை மணந்து அவனுடன் கலத்தல் என அக்கதை முடிகிறது. இன்றும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசித் திருவிழாவுக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் எழுந்தருளும் அழகருக்கும் திருவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுசெல்லப்படுகிறது.

இக்கதையில் ஒருவர் சூடியதைப் பிறர் சூடுதல் தீட்டு என்னும் தூய்மை விதி மீறப்படுகிறது. ஆனால் மீறல் சரியானது என்று முடிவுசெய்வது சிறுமி அன்று; கனவில் தோன்றும் இறைவன். அவனுடைய ஒப்புதலுக்குப் பின்னரே குற்றம் பேறாகிறது. ஆண்டுதோறும் மாலை ஊர்வலம் செல்லும்போது அம்மீறல் சடங்காக நிலைபெறுகிறது. கூடவே, அது ஒருத்திக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்பதும் உறுதிப்படுகிறது. விதிவிலக்கைக் கொண்டாடுவது விதியைக் காக்கும் வழிகளுள் ஒன்று.

மாலை சூடிய நிகழ்ச்சி ஆண்டாளின் பாசுரங்களில் கதையாக எங்கும் சொல்லப்படவில்லை. பாசுரங்களில் இறைவனின் ஒப்புதலும் இறுதிவரை எளிதில் கிடைப்பதில்லை. காமனை நோற்றல், கூடல் இழைத்துக் குறி பார்த்தல், குயிலையும் மேகத்தையும் தூதுவிடுதல், சங்கிடம் பொறாமையுடன் வினவுதல், சினத்தல், சோர்தல் எனப் பேச்சு தொடர்கிறதேயன்றி மறுமொழி வருவதில்லை. கதை தரும் ஆண்டாள் ஏற்கப்பட்டவர். பாசுரம் தரும் கோதையோ ஏற்கப்படுமுன்னரே பேசத் தொடங்கியவர். தன்னேற்பு என்னும் கருத்தை ஆராய்வதற்கு இரண்டாமவரே உரியவர். பிறர் ஏற்ற பின் தன்னை ஏற்பதில் தனித்த வலிமை எதுவும் இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பாசுரத்தில் பேசும் ‘நான்’ வரலாற்றுக் கோதையே என்று முற்றாகத் துணிய இயலாது. ஆண்டாள் பெரியாழ்வாரின் புனைவு என்னும் கருத்தும் இருபதாம் நூற்றாண்டில் எழுந்ததுண்டு. இக்கட்டுரை வாழ்க்கை வரலாற்றை மீட்டெடுக்க முயலவில்லை. பாசுரத்துக்குள் பேசும் பெண்குரலையே அது பொருளாகக் கொள்கிறது.

3. பேச்சை மறுத்தல்

முதல் திருமொழி காமனை வேண்டும் நோன்பாக அமைகிறது. அதன் ஐந்தாம் பாசுரத்தில் (1:5), தேவர்க்கென அந்தணர் வேள்வியில் வகுத்த அவியைக் காட்டு நரி புகுந்து கடந்து மோப்பதை உவமையாக்கி, தன் உடலை மானிடர்க்கு உரியதாகக் கருதும் பேச்சு எழுந்தாலே தான் உயிர் வாழேன் என்கிறாள் கோதை. மணம் மறுத்தல் என்று இதனைச் சுருக்கிவிடுவது வழக்கம். பாசுரத்தை உற்று நோக்கினால் அவள் மறுப்பது மணத்துக்கு ஒரு படி முன்னதாக நிகழ்வதை என்பது புலப்படும். கொடுத்தலையோ மணத்தலையோ அன்றி, அது குறித்த பேச்சையே அவள் மறுக்கிறாள்.

இந்நுட்பம் இப்பகுதியில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டாதது. பெண் பருவம் எய்தியதும் வீட்டுத் திண்ணையிலும் விசேட வீடுகளிலும் முதலில் நுழைவது மாப்பிள்ளை அன்று, பேச்சு. ‘பேச்சு எடுத்திருக்கிறார்கள்’, ‘பேச்சு நடக்கிறது’, ‘பேசி முடித்தாயிற்று’ என்னும் வழக்குகள் அனைத்திலும் பேசுவோர் பிறர்; பேசப்படுபவள் பெண். தன்னைப் பற்றிய பேச்சில் தனக்குப் பங்கில்லாத அந்நிலையையே வார்ப்பின் முதற்படி எனலாம். கோதை அப்பேச்சைத் தன் பேச்சால் எதிர்கொள்கிறாள். தன் உடல் யாருக்கு உரியது என்பதை இளமை தொடங்கியே தான் உறுதிசெய்துவிட்டதாக முந்தைய பாசுரம் (1:4) கூறுகிறது. அங்கு உறுதி செய்பவள் அவளே. தந்தையோ சுற்றமோ அன்று.

4. ஊட்டம் மறுத்தல்: எருதும் கிளியும்

நாச்சியார் திருமொழியில் ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் பெறாத ஓர் உருவகத் தொடர்பு உணவு மறுப்பைச் சார்ந்தது. முதல் திருமொழியில் நோன்பிருக்கும் கோதை மாசு படிந்த உடலும் உலறிய தலையுமாய் ஒரு வேளை மட்டுமே உண்கிறாள் (1:8). அடுத்த பாசுரத்தில் காமனை எச்சரிக்கிறாள்: மூன்று வேளையும் தொழுத தனக்கு அருளாவிட்டால், உழும் எருதை நுகத்தால் அடித்து ஊட்டமின்றித் துரத்தியதற்கு அது ஒப்பாகும் (1:9). உழைப்பைப் பெற்றுக்கொண்டு உணவை மறுப்பது அநீதி என்னும் உழவர் அறம் இங்கு தெய்வத்திடமே முறையீடாக வைக்கப்படுகிறது.

பன்னிரண்டாம் திருமொழியில் இவ்வுருவகம் மீண்டும் வருகிறது. கூட்டிலுள்ள கிளி எப்போதும் கோவிந்தன் பெயரையே அழைக்கிறது. உணவு கொடாமல் அதனை ஒறுத்தால், உலகளந்தவன் பெயரை முன்னிலும் உரத்துக் கூவுகிறது (12:9). எருது ஊட்டம் மறுக்கப்பட்டுத் துரத்தப்படுவது. அதற்குக் குரல் இல்லை. கிளி ஊட்டம் மறுக்கப்பட்டுக் குரல் உயர்த்துவது. முதல் திருமொழிக்கும் பன்னிரண்டாம் திருமொழிக்கும் இடையே கோதையின் நிலையில் நேர்ந்த மாற்றத்தை இவ்விரு விலங்குகளும் சுருங்கக் காட்டுகின்றன.

கிளியின் சிறப்பு மற்றொன்றும் உண்டு. கிளி கற்பித்ததைச் சொல்லும் பறவை. வார்ப்புக்கு அதைவிடப் பொருத்தமான உருவகம் இல்லை. ஆனால் இப்பாசுரத்தில் ஒறுக்கப்பட்ட கிளி முன் சொன்ன பெயரையே திரும்பச் சொல்வதில்லை. வேறொரு பெயரை, உலகையே அளந்தவனின் பெயரை எடுக்கிறது. சிறிய கூட்டுக்குள்ளிருந்து உலகத்தின் அளவைக் கூறும் பெயர் அது. ஒறுத்தல் அதன் குரலை அடக்காமல், அதன் சொல்லை விரியச் செய்கிறது. கற்ற சொல்லைக் கொண்டே கற்பித்தவர் எதிர்பாராததைச் சொல்லுதல் என்னும் கோதையின் கவிதை முறைமைக்கும் இதுவே இலக்கணம். காமன் நோன்பு, கூடல் இழைத்தல், தூது, திருமணச் சடங்கு ஆகியவை அனைத்தும் மரபு கற்பித்தவை. அவற்றைக் கொண்டு அவள் கூறுவது மரபு எதிர்பாராதது.

ஊட்டம் என்னும் கருத்தின் மறுபக்கத்தை ஒன்பதாம் திருமொழியில் காண்கிறோம். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்கிறாள் (9:6). ஒரு வேளை உண்டு நோற்பவள் வாயால் நேரும் விருந்து இது. பின்னாளில் இராமாநுசர் இந்நேர்த்தியை நிறைவேற்றினார் என்றும், அதனால் ஆண்டாளுக்கு அண்ணன் முறையானார் என்றும் வைணவ மரபு போற்றுகிறது. பெண்ணின் சொல்லைக் கடனாக ஏற்று ஆசாரியர் ஒருவர் நிறைவேற்றினார் என்னும் இச்செய்தி, மரபு அவள் குரலை அடக்க மட்டுமே செய்தது என்னும் எளிய முடிவை ஏற்கவிடாது.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் இலைகளாலும் மாதுளம் பூவாலும் புதிதாகச் செய்யப்பட்ட கிளி வைக்கப்படுகிறது. வழிபடுவோர் அதனைத் தூது சென்ற கிளியாகப் போற்றுவர். பசித்துக் கூவிய பாசுரத்துக் கிளியையும் அதில் காண இயலுமாயின் அவ்வழிபாட்டின் பொருள் மேலும் ஆழமுறும்.

5. நாணத்திலிருந்து துணிவுக்கு

பன்னிரண்டாம் திருமொழி முழுவதும் வீட்டாரை நோக்கிய பேச்சாகும். தன் நிலைக்கு வேறானவர்கள் தன்னிடம் கூறுவதெல்லாம் ஊமையும் செவிடரும் உரையாடுவது போன்றது என்று அது தொடங்குகிறது (12:1). இவ்வுவமையில் பழி ஒருபக்கம் சாரவில்லை. கேட்க இயலாமையும் சொல்ல இயலாமையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமே குடும்பம் என்னும் கசப்பான உண்மை அதில் உள்ளது. தன்னைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று அவள் கேட்கும் கண்ணனும் பெற்ற தாயை நீங்கி மற்றொரு தாயிடம் வளர்ந்தவன் என்று அதே பாசுரம் நினைவூட்டுகிறது. விட்டுப் பிரிதல் எல்லாம் அறம் பிறழ்தல் அன்று என்னும் வாதம் இதில் மறைவாக இயங்குகிறது.

இனி நாணிப் பயனில்லை. அயலார் அனைவரும் அறிந்துவிட்டனர் என்கிறது இரண்டாம் பாசுரம் (12:2). மருந்து செய்து தன்னைப் பழைய நிலைக்கே மீட்க விரும்பினால், அதற்கு வழி ஆய்ப்பாடிக்குக் கொண்டுசெல்வதே என்றும் அப்பாசுரம் கூறுகிறது. ‘பழைய நிலை’ என்பது வீட்டாரின் விருப்பம். மகளை முன்போல் ஆக்குதல், அவளுடைய உணர்வை நோயாகக் கண்டு தீர்த்தல் ஆகியவை இன்றும் நாம் அறிந்த நடைமுறைகளே. கோதை நோய் என்னும் சொல்லை மறுக்கவில்லை; மருந்து எது என்பதைத் தான் முடிவுசெய்கிறாள். வார்ப்பின் சொல்லை ஏற்று அதன் பொருளை மாற்றும் முறை இங்கும் தெளிவாகிறது.

தந்தையும் தாயும் சுற்றமும் இருக்கத் தனிவழி போனாள் என்னும் சொல் பரவிய பின் பழியைக் காத்தல் அரிது என்கிறது மூன்றாம் பாசுரம் (12:3). அலருக்கு அவள் அஞ்சாதவள் அல்லள். அலர் எவ்வாறு இயங்கும் என்பதை அறிந்து, அவ்வச்சத்தையே வீட்டாரிடம் தன் கோரிக்கைக்குரிய காரணமாக்குகிறாள். நீங்களே என்னைக் கொண்டு செல்லுங்கள், அப்போது பழி உங்களைச் சேராது என்பது அதன் உட்பொருள். அச்சம் நீங்கியதால் வந்த துணிவு அன்று இது. அச்சத்தைத் தெரிந்தே கையாளும் துணிவு. இத்திருமொழியின் முத்திரைப் பாசுரம் (12:10) முழுப் பதிகத்தையும் தாழ்குழலாள் கொண்ட ‘துணிவு’ என்றே பெயரிடுகிறது.

முத்திரைப் பாசுரங்கள் தனித்து ஆராயத்தக்கன. அகப்பாடலில் தலைவியின் இயற்பெயர் சுட்டப்பெறாது என்பது இலக்கண விதி. நாச்சியார் திருமொழியின் பதினான்கு பதிகங்களுள் பன்னிரண்டில் கோதை என்னும் பெயர் இறுதியில் வருகிறது. முத்திரையிடுதல் பக்தி இலக்கியப் பொதுமரபே. ஆனால் தன் வேட்கையைத் தானே பேசிய பதிகத்தின் கீழ் ஒரு பெண் தன் பெயரை இடுவது வேறு பொருள் தருகிறது. பத்தாம், பதினோராம் திருமொழிகளின் இறுதியில் மட்டும் அவள் பெயர் இல்லை. தந்தை விட்டுசித்தரின் பெயரே நிற்கிறது. தன் இறைவனை வருவிக்கும் ஆற்றல் தந்தைக்கு உண்டானால் காண்போம் என்னும் சோர்வும் நம்பிக்கையும் கலந்த இடம் அது (10:10). தன்னேற்பு என்பது உறவை அறுத்துத் தனித்து நிற்பது என்னும் இன்றைய எளிய புரிதலை இப்பாசுரங்கள் ஏற்கவில்லை. சோர்ந்த இடத்தில் தந்தை பெயரில் சாய்ந்து, அடுத்த பதிகத்திலேயே தந்தையின் வீட்டை நீங்கக் கேட்கிறாள் கோதை. இரண்டும் ஒரே மனத்தின் இயல்புகள்.

6. கனவும் மணமேடையும்

ஆறாம் திருமொழி, யானைகள் சூழ வரும் மணமகனையும் கூறை உடுத்தல், காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீ வலம், அம்மி மிதித்தல், பொரி இடுதல் ஆகிய சடங்குகளையும் கனவாகத் தோழியிடம் உரைக்கிறது. இப்பகுதியிலும் தமிழகம் எங்கும் வைணவத் திருமணங்களில் இது பாடப்படுகிறது. மானிடரை மணக்க மறுத்தவளின் கனவு, வீட்டார் பேசி முடித்த மணங்களுக்கு வாழ்த்தாகிறது என்னும் முரணை உறவினர் திருமணங்களில் அமர்ந்திருந்தபோதெல்லாம் இக்கட்டுரையாளர் உணர்ந்ததுண்டு. தொடக்கத்தில் இம்முரணைச் சமூகத்தின் தந்திரமாக மட்டுமே காணத் தோன்றியது. பாசுரத்தை மீண்டும் வாசிக்கையில் அம்முடிவு முழுமையானதன்று எனத் தெரிகிறது. இப்பதிகத்தின் இறுதிப் பாசுரமே (6:11) இதனை அறிந்தோர் நன்மக்களைப் பெற்று மகிழ்வர் எனப் பயன் கூறுகிறது. மணமேடைக்கு அதனை அழைத்துச் சென்றதில் பாசுரத்துக்கும் பங்குண்டு.

ஆகவே கோதை மணம் என்னும் அமைப்பை மறுக்கவில்லை. மணமகனைத் தெரிவுசெய்யும் உரிமையைத் தனதாக்குகிறாள். சடங்கு ஒன்றையும் விடாமல் வரிசையாகக் கனவு காண்பதன்வழி, தன் தெரிவும் ஊரறிந்த மணத்துக்குரிய மதிப்பைப் பெறத்தக்கது என்று கோருகிறாள். மணமேடையில் இப்பதிகத்தைப் பாடுவோர் அமைப்பை எடுத்துக்கொண்டனர், தெரிவை விட்டுவிட்டனர்.

உரைமரபிலும் இவ்வாறான உள்வாங்கல் உண்டு. ஏனைய ஆழ்வார்களின் நாயகி நிலை மேட்டுமடை போன்றது, ஆண்டாளின் நிலை பள்ளமடை போன்றது என்னும் உவமை வைணவ உரைமரபில் வழங்குகிறது. ஆடவர் முயன்று அடையும் உணர்வு பெண்ணாகிய அவளிடம் இயல்பாகப் பாய்கிறது என்பது கருத்து. பாராட்டாகவே சொல்லப்பட்ட இவ்வுவமை, அவளுடைய முயற்சியை மறைத்துவிடுகிறது. நோன்பு, பசி, வாதம், துணிவு எனப் பாசுரங்கள் காட்டுவதெல்லாம் மேட்டில் நீர் ஏற்றும் உழைப்பு. உணர்வு பெண்ணுக்கு இயல்பு என்று கூறுவது அவளைப் போற்றுவதுபோல் தோன்றினும், அவள் அடைந்ததைப் பிறப்பின் கொடையாக்கிவிடும் மற்றொரு வார்ப்பே ஆகும்.

7. தன்னேற்பின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால் நாச்சியார் திருமொழியை விடுதலையின் நேர்கோட்டுப் பயணமாகக் காட்டிவிட முடியாது. பதின்மூன்றாம் திருமொழி அதனைத் தடுக்கிறது. அகன்று நின்று அழகாய்ப் பேசுவது புண்ணில் புளியைப் பெய்வது போன்றது என வீட்டாரைக் கடியும் அப்பதிகத்தில் (13:1), பயனற்ற தன் கொங்கையை வேரோடு பறித்து இறைவனின் மார்பில் எறிந்து தன் அழலைத் தீர்ப்பேன் என்னும் பாசுரமும் வருகிறது (13:8). மதுரையை எரித்த கண்ணகியை இது நினைவூட்டும். கண்ணகியின் சினம் அரசின் அநீதியை நோக்கியது. இங்கோ, ஏற்கப்படாத உடல் பயனற்றது என்னும் தீர்ப்பு பெண்ணின் வாயிலிருந்தே வருகிறது. உடலின் மதிப்பு அதனை ஏற்பவனைப் பொறுத்தது என்னும் வார்ப்பு இவ்விடத்தில் வெல்கிறது என்றே கொள்ள வேண்டும். மானிட ஆணை மறுத்துத் தெய்வ ஆணைத் தெரிவது ஒரு தலைமையிலிருந்து மற்றொரு தலைமைக்கு மாறுவதன்றி விடுதலை அன்று எனக் கூறுவோரின் வாதத்துக்கு இப்பாசுரம் வலுவான சான்று.

இச்சான்றை மறைக்காமலே அதன் பின்வரும் இரு பாசுரங்களையும் வாசிக்க வேண்டும். இப்பிறவியில் தொண்டு செய்யாமல் மறுமையில் தவம் செய்து என்ன பயன் என அடுத்த பாசுரம் கேட்கிறது (13:9). நிறைவைப் பின்னொரு காலத்துக்குத் தள்ளிவைக்கும் ஆறுதலை அது ஏற்கவில்லை. இறுதிப் பாசுரத்தில் (13:10) கோதை தன்னை வில்லையும் வென்ற புருவத்தாள் என வருணித்து, தன் சொல்லை வேட்கையுற்று மிக விரும்பிய சொல் என அறிவிக்கிறாள். தலைவி தன்னுறு வேட்கையைக் கூறுதல் இல்லை என்ற இலக்கண விதியின் அதே சொல் இங்கு ஒரு பெண்ணின் கையொப்பத்தில் இடம்பெறுகிறது. உடலைப் பறித்தெறியத் துணிந்த சினத்துக்கு இரண்டு பாசுரங்கள் தள்ளி, அதே உடலின் அழகைத் தன் பெயரோடு பொறிக்கிறாள். சினம் பொய்யன்று, பெருமிதமும் பொய்யன்று. முரண்பட்ட இவ்விரு உணர்வுகளையும் ஒன்றை அழித்து ஒன்றை வைக்காமல் அருகருகே நிறுத்தியிருப்பதையே இக்கட்டுரை உணர்வுத் தன்னேற்பு என்கிறது. பேயுருவை வேண்டி அழகைத் துறந்த காரைக்கால் அம்மையாரோடும், மணத்தைத் துறந்து வெளியேறிய கன்னடத்து அக்கமகாதேவியோடும் ஒப்பிடுகையில், ஆண்டாள் எதையும் துறக்கவில்லை என்பது தெரியும். அழகு, மணம், தந்தை, ஊர் அனைத்தையும் வைத்துக்கொண்டே அவர் வாதிட்டார். அவர் குரல் வீட்டுக்குள்ளிருந்து எழும் குரல். இன்றும் பெரும்பாலான பெண்கள் பேச வேண்டியிருப்பது அவ்விடத்திலிருந்துதான்.

8. இராசபாளையத்திலிருந்து இரு வாசிப்புகள்

விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய தெலுங்குக் காப்பியம் ஆமுக்தமால்யதா. சூடிக் கொடுத்தவள் என்பது அப்பெயரின் பொருள். இராசபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா இதனைத் தமிழாக்கினார். அதற்காக 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசையும் பெற்றார். திருவில்லிபுத்தூரின் பெண் தெலுங்குக்குச் சென்று, அண்டை ஊர் அறிஞர் வழியே தமிழுக்குத் திரும்பிய பயணம் இது. காப்பியத்துக்குப் பெயர் தந்தவள் கோதையாயினும், விட்டுசித்தர், யாமுனாசாரியர், மாலதாசரி ஆகியோரின் கதைகளே அதன் பெரும்பகுதியை நிறைக்கின்றன. கோதை பிற்பகுதியில்தான் வருகிறாள். இக்காப்பியத்துக்கு விட்டுசித்தர் பெயரால் அமைந்த மறுபெயரும் உண்டு. கோதையைப் பெரிதும் போற்றிய நூலிலும் அவளைச் சூழ்ந்தோரே மிகுதியாகப் பேசுகின்றனர்.

2018 சனவரியில் இராசபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாள் குறித்து ஆற்றிய உரை தினமணியில் வெளியானபோது, அதில் மேற்கோளாக வந்த ஒரு தொடர் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. திருவில்லிபுத்தூரிலும் பிற ஊர்களிலும் போராட்டங்கள் நடந்தன. கவிஞரும் நாளிதழும் வருத்தம் தெரிவித்தனர். அத்தொடர் சரியா, தவறா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. புண்பட்டோரின் வருத்தத்தை ஐயுறவும் இடமில்லை. ஆய்வாளர் கருத வேண்டியது வேறு. பல வாரங்கள் நீண்ட அவ்விவாதம் பெரும்பாலும் ஆண்டாளின் பிறப்பு, குலம், மானம் ஆகியவற்றைச் சுற்றியே சுழன்றது. அவர் சொன்னது என்ன என்பதைவிட அவர் யார் என்பதே வினாவாயிற்று. ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சில் அவளுடைய பேச்சுக்கு இடமின்றிப் போதல் என்னும் பழைய நிலை, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இரு தரப்பாலும் அறியாமலே மீண்டும் நிகழ்த்தப்பட்டது.

குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002-இல் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பையும் இதனோடு இணைத்துக் காணலாம். உடலைப் பற்றிய பெண்ணின் சொல் பழமையாயின் பக்தியாகவும், புதுமையாயின் ஆபாசமாகவும் கொள்ளப்படுவது வாசிப்பின் வார்ப்பே. அவ்வார்ப்பை வினவும் கடமை முதலில் தமிழ்த்துறை வகுப்பறைக்கு உரியது. மாணவியர் நிறைந்த வகுப்பில் ஆறாம் திருமொழியைப் பாடமாக வைத்துப் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் திருமொழிகளைத் தவிர்க்கும் பாடத்திட்டம், கனவை மட்டும் கொடுத்துத் துணிவை மறைத்துக்கொள்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. நாச்சியார் திருமொழி சமூக வார்ப்பை வெளியே நின்று எதிர்க்கவில்லை. நோன்பு, நோய், அலர், மணச்சடங்கு ஆகிய அதன் சொற்களைக் கொண்டே அதன் பொருளை மாற்றுகிறது. குரலற்ற எருதிலிருந்து ஒறுக்க ஒறுக்க உரத்துக் கூவும் கிளிக்கு நகரும் உருவகம் இம்மாற்றத்தின் வடிவம். கனவு, துணிவு, வேட்கை எனத் தன் உணர்வுகளுக்குத் தானே பெயரிட்டு, அப்பெயர்களின் கீழ்த் தன் பெயரை இடுவதில் கோதையின் தன்னேற்பு வெளிப்படுகிறது. உடலை அவள் ஏற்பது நிறைவுறாதது, முரண் கொண்டது. அம்முரணை மறைத்து அவளை இன்றைய விடுதலைச் சின்னமாக்குவது, அவளைத் தெய்வமாக்கி மட்டும் நிறுத்துவதைப் போன்றே அவள் சொல்லைக் கேளாமல் விடுவதாகும். கனவுத் திருமணத்தின் வடிவத்தை ஏற்ற சமூகம் அதன் தெரிவுரிமையை விட்டது. உரைமரபு அவள் உணர்வை ஏற்று அதன் உழைப்பை விட்டது.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையிலுள்ள கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. முந்தைய நாள் கிளி பக்தர் ஒருவர் இல்லம் சேர்கிறது. வீட்டுக்கு வரும் அக்கிளியைப் பூசையறையில் வைப்பதோடு, அது என்ன கூவியது என்று வீட்டுப் பெண்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் நாளில் நாச்சியார் திருமொழி முழுமையாக வாசிக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.